புதுப்பிப்பு: மீன் ஏலக் கணக்கு மென்பொருளில் எஃப்1 உதவி

எடைப் பெட்டியில் கர்சரை வைத்து எஃப்1 தட்டினால் அதற்குரிய உதவிப் பக்கம் வருவதில்லை என்று கேட்டிருந்தேன். இப்போது வருகிறது. விண்டோஸ் ஃபார்ம்ஸில் (விண்டோஸ் மென்பொருளின் திரைகளை அமைக்கும் மைக்ரோசாஃப்ட் கருவி) அந்தப் பெட்டிக்கு ஹெல்ப்நேவிகேட்டர் என்ற அமைப்பை டாபிக்ஐடி என்று வைத்து, ஹெல்ப்கீவேர்ட் என்ற அமைப்பில் 1001 போல ஓர் எண் கொடுங்கள். அதே எண் உதவித் திட்டக் கோப்பின் (உதவிக் கோப்பை உருவாக்கப் பயன்படும் கோப்பு) மேப் பகுதியிலும், அதற்கான பக்கம் அலியாஸ் பகுதியிலும் இருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் பக்கம் திறக்காது.

விண்டோவின் மேல்பட்டையில் கேள்விக்குறி பட்டன் தெரிய ஹெல்ப்பட்டன் என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால் மட்டும் போதாது. மினிமைஸ், மேக்ஸிமைஸ் பட்டன்கள் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். சின்ன டயலாக்குக்கே இது பொருந்தும்.

மண்டபம், பாம்பன் கம்பெனிகளில் இதைப் போடுபவர்கள் முக்கியமாகக் கவனியுங்கள்: சிஎச்எம் கோப்பை (உதவிப் பக்கங்கள் எல்லாம் அடங்கிய கோப்பு) நெட்வொர்க் ஃபோல்டரில் வைக்காதீர்கள். இடப்பக்கம் தலைப்புகள் வரும், வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். 2005 பாதுகாப்புப் புதுப்பிப்பிலிருந்தே விண்டோஸ் அப்படித் தடுக்கிறது. ஒவ்வொரு கணினியிலும் தனியாக நகலெடுங்கள். மெயிலில் வந்த கோப்பென்றால் ப்ராப்பர்ட்டீஸில் அன்பிளாக் கொடுங்கள்.