பழைய கப்ஸ் சர்வரில் புதிய லினக்ஸ் கணினியிலிருந்து அச்சிட முடியவில்லை, உதவி தேவை

கேள்வி

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் கப்ஸ் என்னும் அச்சு மென்பொருளின் 1.3 வெர்ஷன் ஓடும் பழைய பிரிண்ட் சர்வர் ஒன்று இருக்கிறது. வேறு சில வேலைகளும் அதில் நடப்பதால் அதைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் நான்கு கணினிகளில் புது லினக்ஸ் போட்டோம். அன்றிலிருந்து அந்த நான்கிலும் பிரிண்டர் பட்டியல் காலி. பழைய கணினிகள் வழக்கம்போல் அச்சிடுகின்றன. சர்வருக்குப் பிங் போகிறது, அதாவது தொடர்பு இருக்கிறது. அச்சு வேலைக்கான 631 போர்ட்டும் திறந்திருக்கிறது. டிரைவரை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டேன். மாதக் கடைசி வேறு. எல்லோரும் பென்டிரைவோடு பக்கத்து இருக்கைக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

பதில் 1

ஃபயர்வாலைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் பாருங்களேன். எனக்கு ஒரு முறை அப்படித்தான் சரியானது.

பதில் 2

பழைய கணினிகள் அச்சிடுகின்றன, 631 திறந்திருக்கிறது என்றால் ஃபயர்வால் பக்கம் போக வேண்டாம் நண்பரே. டிரைவரையும் விட்டுவிடுங்கள். புது கணினியில், பிரிண்டர்களின் நிலையைக் காட்டும் எல்பிஸ்டாட் கட்டளையைச் சர்வர் பெயர் கொடுத்து ஓட்டி, என்ன பிழை வருகிறது என்று அப்படியே போடுங்கள்.

கேட்டவர்

"பிழை, சர்வர் பெயரோடு வெர்ஷன்=1.1 சேர்க்கவும்" என்ற பொருளில் ஒரே ஒரு வரி வருகிறது. எந்த வெர்ஷனைச் சொல்கிறது? லினக்ஸ் வெர்ஷனா?

பதில் 2

இல்லை, ஐபிபி வெர்ஷன். கணினியும் சர்வரும் அச்சு வேலையைப் பற்றிப் பேசிக்கொள்ளும் நெறிமுறை அது. 2012இல் வந்த கப்ஸ் 1.6 முதல் கிளையண்டுகள், அதாவது அச்சிடக் கேட்கும் கணினிகள், ஐபிபி 2.0 என்று சொல்லித்தான் பேச்சைத் தொடங்கும். கப்ஸ் 1.3.12 வரையிலான சர்வர்களுக்கு 1.1 வரைதான் தெரியும். கோரிக்கையின் முதல் இரண்டு பைட்டில் 2.0 என்று பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிடும், உள்ளே என்ன கேட்டிருக்கிறீர்கள் என்று படிக்கவே படிக்காது. நீங்கள் எத்தனை டிரைவர் மாற்றியும் பலன் இல்லாமல் போனது இதனால்தான்.

சர்வரைத் தொடத் தேவையில்லை. புது கணினியில் ஈடிசி அடைவுக்குள் கப்ஸ் அடைவில் கிளையண்ட் டாட் கான்ஃப் என்ற கோப்பு இருக்கும், இல்லாவிட்டால் உருவாக்குங்கள். அதில் சர்வர்நேம் வரியில் சர்வரின் பெயர், ஒட்டினாற்போல் ஒரு சாய்கோடு, பிறகு வெர்ஷன்=1.1. நடுவில் இடைவெளி விடாதீர்கள். கப்ஸை மறுதொடக்கம் செய்ய வேண்டாம். திறந்திருக்கும் செயலிகளை மட்டும் மூடித் திறங்கள்.

கேட்டவர்

அண்ணா, வந்துவிட்டது! மூன்று கணினியில் பட்டியல் முழுசாகத் தெரிகிறது, அச்சும் வருகிறது. நான்காவதில் மட்டும் சிக்கல். அதில் யூஎஸ்பியில் ஒரு லேபிள் பிரிண்டர் இருக்கிறது. சர்வர் பிரிண்டர்கள் வந்ததும் லேபிள் பிரிண்டர் காணாமல் போய்விட்டது.

பதில் 3

அந்த வரி போட்டதும் கணினி தன்னிடம் ஓடும் கப்ஸைக் கேட்பதையே நிறுத்திவிடும், எல்லாக் கேள்வியும் சர்வருக்கே போகும். உள்ளூர் பிரிண்டர் இருக்கும் கணினிக்கு அந்த வழி சரிவராது. அதில் அந்த வரியை எடுத்துவிட்டு, பிரிண்டர் சேர்க்கும் எல்பிஅட்மின் கட்டளையால் ரா வகையில், அதாவது டிரைவர் இல்லாமல் அப்படியே அனுப்பும் வகையில், ஒரு அச்சு வரிசை உருவாக்குங்கள். பிரிண்டரின் ஐபிபி முகவரி முடிகிற இடத்தில் ஒரு கேள்விக்குறி, அதன் பின் வெர்ஷன்=1.1. அந்த ஒரு வரிசை மட்டும் பழைய வெர்ஷனில் பேசும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். ரா என்பதால் இருபக்க அச்சு போன்ற தேர்வுகள் அச்சுப் பெட்டியில் வராது, அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

இரண்டும் வேலை செய்கின்றன. அந்தக் கணினியில் லேபிளும் ஒற்றைப் பக்க பில்லும்தான், இருபக்கம் தேவைப்படாது. இன்னொரு சந்தேகம். முன்பெல்லாம் பிரிண்டர்கள் தாமாகவே பட்டியலில் வந்து நிற்கும். அதுவும் இதனால்தான் போனதா?

பதில் 2

அது வேறு காரணம், ஆனால் அதே 1.6தான். பழைய சர்வர் 30 நொடிக்கு ஒரு முறை "என்னிடம் இந்தப் பிரிண்டர்கள் இருக்கின்றன" என்று நெட்வொர்க்கில் அறிவிக்கும். 1.6இல் அந்த அறிவிப்பைக் கேட்கும் பகுதியையே எடுத்துவிட்டார்கள், நெட்வொர்க்கில் உள்ள சேவைகளைக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ்-எஸ்டி முறை வழியாகத்தான் இப்போது தேடும். நான்கே கணினி என்பதால் கையால் சேர்த்ததே போதும்.

அப்புறம், கிளையண்ட் கோப்பில் நீங்கள் சேர்த்த வரிக்கு மேலே ஹேஷ் குறி போட்டு, ஏன் சேர்த்தீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். சர்வரை மாற்றும் நாளில் அதை எடுக்க வேண்டும். அன்று அங்கே நீங்கள் இல்லாமலும் போகலாம்.

கேட்டவர்

அந்த வரி உள்ள மூன்று கணினியிலும் எழுதி வைத்துவிட்டேன். மிக்க நன்றி.