சைனிக் பள்ளி 6-ஆம் வகுப்பு நுழைவுத்தேர்வு: தமிழ்வழிப் பிள்ளையை எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கண்டனூர்_வளவு

மகள் இந்த ஜூன்ல 5-ஆம் வகுப்பு போறா. தமிழ்வழி, அரசு உதவி பெறும் பள்ளி. பிறந்தது 2016 ஆகஸ்ட். அமராவதிநகர் சைனிக் பள்ளியில (ராணுவப் பயிற்சிக்குத் தயார் பண்ற விடுதிப் பள்ளி) 6-ஆம் வகுப்புக்கு எழுத வைக்கலாம்னு இருக்கோம். வாய்ப்பாடு 12 வரைக்கும் தெரியும். வகுத்தல்ல மீதி வந்தா தடுமாறுவா. தமிழ் நல்லா வாசிப்பா, இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான்.

தமிழ்லயே எழுதலாமா? கணக்கு எவ்வளவு தூரம் போகணும்? ஒரு பயிற்சி மையத்துல ஆறு மாசம் அங்கேயே தங்கவச்சுப் படிக்க வைக்கணும்னு சொல்றாங்க, அது அவசியமா? நவோதயாவுக்கும் (மத்திய அரசோட விடுதிப் பள்ளி) சேர்த்து எழுத வைக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க.

தேவகோட்டை_டீச்சர்

ஆச்சி, முதல்ல நவோதயாவை விட்டுடுங்க. தமிழ்நாட்டுல ஜவகர் நவோதயா வித்யாலயா ஒண்ணுகூடக் கிடையாது. கடையில "நவோதயா, சைனிக்" ரெண்டையும் சேத்துப் போட்டு விக்கிற கைடைப் பாத்துட்டு நிறையப் பேர் குழம்புறாங்க. ரெண்டும் வேற வேற தேர்வு, வினா அமைப்பும் வேற.

சைனிக் 6-ஆம் வகுப்புத் தேர்வு 150 நிமிஷம், 125 கேள்வி, 300 மதிப்பெண். கணக்கு 50 கேள்வி, ஒண்ணுக்கு 3 வீதம் 150. மொழி, நுண்ணறிவு, பொது அறிவு ஒவ்வொண்ணும் 25 கேள்வி, ஒண்ணுக்கு 2 வீதம் 50. தப்பா எழுதினா மதிப்பெண் கழிக்க மாட்டாங்க. ஒவ்வொரு பகுதியிலயும் 25 சதவீதம், மொத்தத்துல 40 சதவீதம் எடுக்கணும். 25 கேள்வி உள்ள பகுதியில குறைஞ்சது 7 சரியா இருக்கணும், கணக்குல 13, மொத்தம் 120 மதிப்பெண். ஆனா இது வாசப்படி மட்டுந்தான். 120 எடுத்தா இடம் கிடைச்சிடும்னு இருந்துடாதீங்க. இடம் தரவரிசையில, அதுவும் பிரிவுவாரியாப் போகும்.

தமிழ்ல தாராளமா எழுதலாம். 6-ஆம் வகுப்புத் தேர்வுக்கு மட்டும் மாநில மொழிகள் உண்டு. 9-ஆம் வகுப்புச் சேர்க்கைக்கு இங்கிலீஷ்தான். தமிழ்னு குறிச்சா மொழிப் பகுதியும் தமிழாவே வரும். நல்லா வாசிக்கிற பிள்ளைக்கு அந்த 50 மதிப்பெண் மடியில விழுற மாதிரி. விண்ணப்பத்துல "இங்கிலீஷ்னு போட்டா மதிப்பா இருக்கும்"னு மாத்திடாதீங்க, சில வீடுகள்ல அதைத்தான் பண்றாங்க.

ஒரு விஷயத்தை இப்பவே மனசுல வச்சுக்கணும். தேர்வுதான் தமிழ்ல. உள்ள போனா பாடம் எல்லாம் சிபிஎஸ்இ, இங்கிலீஷ் வழி. அதனால தேர்வுக்காக இல்லாட்டியும், தினம் பத்து வரி இங்கிலீஷ் சத்தம்போட்டு வாசிக்க வைங்க. கணக்குச் சொற்களையும் ரெண்டு மொழியில பழக்குங்க: பின்னம்னா ஃபிராக்‌ஷன், விகிதம்னா ரேஷியோ, தனிவட்டின்னா சிம்பிள் இன்ட்ரஸ்ட்.

வயசு: சேர்ற வருஷம் மார்ச் 31 அன்னைக்கு 10 முதல் 12-க்குள்ள இருக்கணும். 2027 சேர்க்கைன்னா 2015 ஏப்ரல் 1-க்கும் 2017 மார்ச் 31-க்கும் இடையில பிறந்திருக்கணும். உங்க மகளுக்குச் சரியா வருது. 2028-லயும் அவ வயசு உள்ளதான் இருக்கும், அதனால இந்தத் தடவை விட்டுப்போனா இன்னொரு தடவை எழுதலாம். இதைப் பிள்ளைகிட்டயும் சொல்லிடுங்க, பாதி பயம் போயிடும்.

தங்கிப் படிக்கிறதைப் பத்தி என் அபிப்பிராயம்: ஒன்பது, பத்து வயசுப் பிள்ளைக்கு அது வேண்டாம். காலையில அரை மணி, சாயங்காலம் முக்கால் மணி, வாரத்துல ஆறு நாள். அதுக்கு மேல உக்கார வச்சா கண்ணு புத்தகத்துல இருக்கும், மனசு தெருவுல இருக்கும்.

செக்காலை_கணக்கு

கணக்குக்கு மட்டும் எழுதுறேன், மொத்த மதிப்பெண்ல பாதி அதுலதான் இருக்கு.

தமிழ்வழிப் பிள்ளைகள் மாட்டிக்கிறது எங்கன்னா, 5-ஆம் வகுப்புப் பாடத்தை முழுசா முடிச்சாலும் இந்தத் தேர்வோட பாடத்திட்டம் அதையும் தாண்டிப் போகுது. விகிதம், லாப நட்டம், சதவீதம், தனிவட்டி, கன அளவு, நிரப்புக் கோணம், மிகை நிரப்புக் கோணம் எல்லாம் உண்டு. தனி கைடு தேடி அலைய வேண்டாம். நம்ம சமச்சீர் 6-ஆம் வகுப்பு முதல் பருவப் புத்தகத்துல விகிதமும் விகித சமமும் இருக்கு. இரண்டாம் பருவத்துல மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி), மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு), அப்புறம் பட்டியல், லாபம், நட்டம். 7-ஆம் வகுப்பு மூன்றாம் பருவத்துல சதவீதமும் தனிவட்டியும். இந்த மூணு புத்தகத்தையும் இரவல் வாங்கினாலே போதும்.

வரிசை முக்கியம். ஜூன், ஜூலை முழுக்க வாய்ப்பாடு 20 வரை, நீள வகுத்தல், பின்னம், தசமம். வகுத்தல்ல மீதி வந்தா தடுமாறுறான்னு எழுதியிருக்கீங்க, அதைச் சரிபண்ணாம மேல எதையும் தொடாதீங்க. மீ.பெ.கா., பின்னத்தைச் சுருக்குறது, சராசரி எல்லாம் அந்த வகுத்தல் மேலதான் நிக்குது. ஆகஸ்ட், செப்டம்பர்ல காரணிகள், அலகு மாற்றம், விகிதம், சதவீதம். அக்டோபர்ல லாப நட்டம், வட்டி, வேகம், நேரம். நவம்பர்ல பரப்பு, கன அளவு, கோணம். ரோமன் எண், வெப்பநிலை மாதிரி சின்னச் சின்னப் பாடத்தை ஞாயித்துக்கிழமையில முடிச்சுக்கலாம்.

தப்பு எங்க வரும்னு சில மாதிரி:

480 ரூபாய்க்கு வித்ததுல 20 சதவீத லாபம், அடக்கவிலை என்ன? பிள்ளை 480-ல 20 சதவீதம் 96-னு எடுத்து, கழிச்சு, 384-னு குறிக்கும். விடைத் தெரிவுல 384 கண்டிப்பா உக்காந்திருக்கும், கேள்வி போடுறவங்களுக்கு அது தெரியும். லாபம் அடக்கவிலை மேல. 120 பங்கு 480 ஆனா 100 பங்கு 400. "எதுக்கு மேல சதவீதம்?"னு ஒவ்வொரு கணக்குலயும் வாய்விட்டுக் கேக்கப் பழக்குங்க.

90 கிலோமீட்டரை 2 மணி 15 நிமிஷத்துல போற பஸ்ஸோட வேகம் கேட்டா, 90-ஐ 2.15-ஆல வகுக்கும். 15 நிமிஷம் கால் மணி, அதனால 2.25. விடை மணிக்கு 40 கிலோமீட்டர்.

வட்டியில நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குன்னே ஒரு குழி இருக்கு. வீட்டுல "நூத்துக்கு ரெண்டு வட்டி"ன்னா மாசத்துக்கு ரெண்டு ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். புத்தகத்துல 8 சதவீதம்னா அது வருஷத்துக்கு. பெரியவங்க பேச்சைக் கேட்டு வளந்த பிள்ளை, 5000 ரூபாய்க்கு 8 சதவீதத்துல 9 மாச வட்டின்னா 5000-ஐ 8-ஆலயும் 9-ஆலயும் பெருக்கி 100-ஆல வகுத்து 3600-னு கொண்டு வந்து நிறுத்தும். 9 மாசத்தை 12-ல 9-னு எழுதினா 300 ரூபாய்.

பரப்பளவுக்கு ஆத்தங்குடித் தரைக் கல்லைவிட நல்ல பாடம் இல்ல. 6 மீட்டர் நீளம், 4.8 மீட்டர் அகலம் உள்ள பட்டாலைக்கு (வீட்டுக் கூடம்) 20 சென்டிமீட்டர் சதுரக் கல்லு எத்தனை வேணும்? பிள்ளை 28.8 சதுர மீட்டர்னு சரியாக் கண்டுபிடிக்கும், அதை 100-ஆல பெருக்கி 2880 சதுர சென்டிமீட்டர்னு எழுதும், 400-ஆல வகுத்து 7.2 கல்லுன்னு முடிக்கும். ஒரு சதுர மீட்டர்ல 10,000 சதுர சென்டிமீட்டர். தரையில உக்காரவச்சு எண்ணச் சொல்லுங்க: நீளவாக்குல 600-ஐ 20-ஆல வகுத்தா 30 கல்லு, அகலத்துல 480-க்கு 24 கல்லு, ஆக 720. இப்படி வரிசையா எண்ணிப் பாத்த பிள்ளை, அலகு மாத்துறதுல அப்புறம் ஏமாறாது.

தப்புக்குன்னு தனி நோட்டு ஒண்ணு போடுங்க. தப்பான கணக்கையும், ஏன் தப்பாச்சுன்னு ஒரே வரியும் பிள்ளை கைப்பட எழுதணும். பத்து நாள் கழிச்சு அதே கணக்கை மறுபடி கொடுங்க. புதுசு புதுசாக் கொடுத்துக்கிட்டே போறதுல பிரயோசனம் கம்மி.

பள்ளத்தூர்_வாசகன்

செக்காலை அண்ணன் கணக்கை முடிச்சிட்டார். மத்தது நான் சொல்றேன்.

நுண்ணறிவுன்னா தொடர், ஒத்த உறவு, பொருந்தாதது, கண்ணாடி பிம்பம், திசை, மடிச்ச காகிதம். இது படிக்கிற பாடம் இல்ல, பழகுற பாடம். தினம் 10 கேள்வி போதும். கண்ணாடிக் கடிகாரம் கேட்டா 11 மணி 60 நிமிஷத்துல இருந்து கழிக்கணும். 3.40-ன்னா 8.20. முதல்ல நிஜக் கடிகாரத்தைக் கண்ணாடி முன்னால பிடிச்சுக் காட்டிட்டு, அப்புறம் சூத்திரம் சொல்லுங்க. கண்ணாடியில இடம் வலம் மாறும், தண்ணி பிம்பத்துல மேல கீழ மாறும். இந்த ரெண்டும் கலந்துபோறதாலதான் பாதி மதிப்பெண் போகுது.

பொது அறிவுக்குப் பழைய கைடை நம்பாதீங்க. மாநிலம் 29, ஒன்றியப் பகுதி 7-னு அச்சடிச்ச புத்தகம் இன்னும் கடையில கிடக்கு. 2019 அக்டோபர் 31-ல இருந்து மாநிலம் 28. 2020 ஜனவரி 26-ல தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒண்ணாச் சேர்ந்த பிறகு ஒன்றியப் பகுதி 8. புத்தகம் வாங்குறதுக்கு முன்னாடி இந்தப் பக்கத்தைப் பாருங்க, தப்பா இருந்தா அங்கேயே வச்சிட்டு வந்துடுங்க. முப்படைப் பதவி வரிசை தெரிஞ்சிருக்கணும். தரைப்படைக் கேப்டன் மேஜருக்குக் கீழ. கடற்படைக் கேப்டன் தரைப்படைக் கர்னலுக்குச் சமம். ஒரே பேரு, வேற வேற உயரம். மத்தபடி 3, 4, 5-ஆம் வகுப்பு அறிவியல், சமூக அறிவியல் புத்தகங்கள், தேசியச் சின்னங்கள், நாட்டுப்புற நடனம், விளையாட்டு, வைட்டமின் குறைபாடு.

இப்ப ஓஎம்ஆர் தாள், அதாவது விடைக்கான வட்டத்தை அடைக்கிற தாள். நல்லாப் படிக்கிற பிள்ளையும் கவுந்துபோறது இங்கதான். 37-ஆவது கேள்வி தெரியலன்னு விட்டுட்டு, 38-ஓட விடையை 37-ஆவது வட்டத்துல அடைச்சிடும். அதுக்கப்புறம் வர்றது எல்லாம் ஒரு படி இறங்கிடும். பால்பாயின்ட் பேனாவுல அடைச்சா மாத்தவும் முடியாது. அதனால கேள்வித்தாள்ல முதல்ல விடையைக் குறிக்கணும், அஞ்சஞ்சு கேள்வியாத் தாளுக்கு மாத்தணும், மாத்தும்போது கேள்வி எண்ணை வாய்க்குள்ள சொல்லணும். எல்லாத்தையும் கடைசியில மாத்திக்கலாம்னு விட்டா நேரம் பத்தாது. வெத்து ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கங்க. வெறும் வட்டம் அடைக்கிறதுக்கே 125-க்கு எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஒருநாள் அளந்து பாருங்க.

நேரப் பங்கீடு: மொழி 18 நிமிஷம், பொது அறிவு 12, கணக்கு 80, நுண்ணறிவு 25. மீதி 15 நிமிஷம் விட்டதைப் பார்க்க. கழிவு மதிப்பெண் இல்லாததால ஒரு வட்டம்கூடக் காலியா இருக்கக்கூடாது.

இன்னொண்ணு, தேர்வு மத்தியானம் 2 மணியில இருந்து 4.30 வரை. பிள்ளைக்குக் கண்ணு சொருகுற நேரம். அதனால மாதிரித் தேர்வைக் காலையில வைக்காதீங்க, ஞாயித்துக்கிழமை சரியா 2 மணிக்கு உக்கார வைங்க. கடைசி எட்டு, பத்து வாரம் போதும், வாரத்துக்கு ஒண்ணு. அன்னைக்குச் சாப்பாடு 12 மணிக்குள்ள, இட்லி மாதிரி லேசா. எண்ணெயில பொரிச்ச கந்தரப்பம், வெள்ளைப்பணியாரம் எல்லாம் சாயங்காலம் வந்து சாப்பிட்டுக்கலாம்.

தேவகோட்டை_டீச்சர்

தம்பி, பங்கீடு சரி. வரிசையில மட்டும் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. மொழி, பொது அறிவுன்னு 30 நிமிஷத்துல 50 கேள்வியை முடிச்சா தெம்பு வரும், வாஸ்தவம். ஆனா மெதுவா வாசிக்கிற பிள்ளைக்கு அந்த 30 நிமிஷம் 45 ஆகும், இழப்பு கணக்குக்குத்தான். முதல் மூணு மாதிரித் தேர்வுல மொழி முதல்ல, கணக்கு முதல்லன்னு ரெண்டு வரிசையையும் எழுத வச்சுப் பாத்து, மதிப்பெண் எதுல கூடுதோ அதையே பிடிச்சுக்கங்க. அப்புறம் மாத்தக்கூடாது.

கோட்டையூர்_இசேவை

எல்லாரும் படிப்பைச் சொல்லிட்டாங்க. காகிதத்துல கோட்டை விட்டவங்களும் நிறைய.

தேர்வு நடத்துறது தேசியத் தேர்வு முகமை. விண்ணப்பம் இணையத்துல மட்டும். தேதி ஒரே மாதிரி வராது: 2024-ல ஜனவரி 28, 2025-ல ஏப்ரல் 5, 2026-ல ஜனவரி 18. அதனால டிசம்பருக்குள்ள பாடம் முடியுற மாதிரி வச்சுக்கிட்டு, அக்டோபர்ல இருந்து வாரம் ஒரு தடவை அவங்க தளத்தைப் பாருங்க.

நீங்க பிற்படுத்தப்பட்ட பிரிவுன்னா, நம்ம மாநிலச் சாதிச் சான்று மட்டும் வச்சு ஒதுக்கீடு கேக்க முடியாது. மத்திய அரசு படிவத்துல ஓபிசி சான்று, வசதிப்படைத்தோர் (கிரீமி லேயர்) பிரிவுல வரலைங்கிற வாசகத்தோட வேணும். இசேவையில அதுக்குத் தனி விண்ணப்பம். இருப்பிடச் சான்றும் இப்பவே வாங்கி வைங்க, சொந்த மாநிலத்துக்கு 67 சதவீத இடம் இருக்கு. பேர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி மூணும் ஆதார்லயும் பிறப்புச் சான்றுலயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. வித்தியாசம் இருந்தா இப்பவே திருத்தக் கொடுத்துடுங்க, தேர்வு நேரத்துல அலைய முடியாது.

தேர்வு முடிஞ்சு, தரவரிசை, கலந்தாய்வு, அதுக்கப்புறம் மருத்துவப் பரிசோதனை. கண்ணு, காது, பல்லு, கால் வளைவு எல்லாம் பாப்பாங்க. கண்ணையும் பல்லையும் இந்த லீவுலயே காட்டிடுங்க.

கண்டனூர்_வளவு

எல்லாருக்கும் நன்றிங்க. பெண் பிள்ளைக்குத் தனியா எதாவது இருக்கா? அப்புறம், 7-ஆம் வகுப்புப் புத்தகத்தை இப்பவே காட்டினா மிரண்டுடுவாளோ?

தேவகோட்டை_டீச்சர்

பெண் பிள்ளைகளுக்கு இடம் உண்டு ஆச்சி, தேர்வும் பாடத்திட்டமும் ஒண்ணுதான். முழுக்க விடுதிப் பள்ளிங்கிறதால தலை பின்னுறது, துணி துவைக்கிறது, படுக்கை மடிக்கிறது எல்லாம் அவளாவே செய்யப் பழகட்டும்.

செக்காலை_கணக்கு

புத்தகத்தைக் காட்டாதீங்க தங்கச்சி. வேண்டிய பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து, மேல வகுப்பு பேர் இல்லாம கொடுங்க. இந்த வாரம் 4 இலக்க எண்ணை 1 இலக்கத்தால வகுக்குற கணக்கு தினம் 6, அதுல மூணுல மீதி வரணும். விடையை வகுஎண்ணால பெருக்கி, மீதியைக் கூட்டி, பழைய எண் வருதான்னு அவளே சரிபார்க்கட்டும். ரெண்டு வாரம் கழிச்சு எத்தனை சரியா வருதுன்னு இங்க எழுதுங்க, அடுத்தது சொல்றேன்.