படிக்கட்டு ஓரத்து அறை

ஹாஸ்டல் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் சாப்பாட்டுக் கதையைத்தான் எடுக்கிறார்கள். அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மெஸ் சாப்பாடு மெஸ் சாப்பாடுதான். பத்து நாளில் நாக்கு பழகிவிடும், நாக்கு முரண்டு பிடித்தால் பசி பழக்கிவிடும். எனக்கு வாய்த்த பிரச்சினை வேறு. என் அறை.

முதல் மாடி, படிக்கட்டு ஏறியதும் முதல் கதவு. எதிரே பாத்ரூம் வரிசை. எங்கள் சுவரை ஒட்டித் தண்ணீர்க் குழாய். அந்த மாடியில் 24 அறைகள், அறைக்கு இரண்டு பேர். 48 பேரும் குளிக்க, குடிக்க, மேலே ஏற, கீழே இறங்க எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். விட வந்த அப்பா ஜன்னலைத் திறந்து பார்த்து, "காற்றோட்டமா இருக்கு" என்றார். அப்புறம் திரும்பி எதிரே பாத்ரூமைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அதை இன்னொரு முறை வெளியே இழுத்து, மறுபடியும் உள்ளே தள்ளினார். கிளம்ப மனமில்லாதவர்கள் செய்யும் வேலை அது என்று இப்போது தெரிகிறது.

முதல் ராத்திரி. கடைசி பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் உடைந்திருந்தது. யார் போய் வந்தாலும் கதவு தானாக ஆடி, சட்டத்தில் மோதி, 'டப்' என்று ஒரு சத்தம் வரும். உடனே நிற்காது. கொஞ்ச நேரம் கழித்து, சின்னதாக இன்னொரு 'டப்'. அந்த இரண்டாவது சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தே விடிந்துவிட்டது.

புது இடத்தில் தூக்கம் வராததற்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதைப் பிற்பாடு படித்தேன். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டிருந்தார்கள். பழகாத இடத்தில் படுக்கும் முதல் இரவு, ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையின் இடது பாதி வலது பாதியைவிடக் குறைவாகத்தான் தூங்குகிறதாம். எப்போதாவது வரும் வித்தியாசமான சத்தத்துக்கு அந்தப் பாதிதான் சட்டென்று விழித்துக்கொள்கிறது. ஒரு வகையில் காவல் வேலை. சில நாள் கழித்து அதே ஆட்களை அதே இடத்தில் தூங்க வைத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. என் மூளை கொஞ்சம் கூடுதல் விசுவாசம் கொண்டது போல. மூன்று வாரம் காவல் காத்தது.

இரண்டாம் நாளே வார்டனிடம் அறை மாற்றக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். 'படிப்புக்கு இடையூறாக உள்ளது' என்று ஒரு வரி. அன்றைக்கு இன்னும் வகுப்பே ஆரம்பிக்கவில்லை. வார்டன் சார் வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ரூம்மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பையன். மரியாதையான பையன். அந்த மரியாதைதான் எங்கள் இருவரையும் கொன்றது. ஒரே வயது, ஒரே வகுப்பு, ஆனாலும் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசிக்கொண்டோம். "லைட் எரிஞ்சா உங்களுக்குத் தொந்தரவா?" என்பான். "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுப்பேன். அவன் காலை ஐந்து மணிக்கு அலாரம் வைப்பான். அது அடிக்கும், அவன் அணைப்பான், ஐந்து நிமிடத்தில் மறுபடி அடிக்கும். ஆறு மணிக்குள் பத்துப் பன்னிரண்டு தடவை. அவன் எழுந்திருக்கவே மாட்டான், நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன். "சாரி, அலாரம் உங்களை எழுப்பிடுச்சா?" "சேச்சே, பரவாயில்ல." ஒரு நாளைக்கு எத்தனை 'பரவாயில்ல' சொன்னோம் என்று எண்ணியிருந்தால் நோட்டு போதாது.

இதில் உச்சம் ஃபேன். ராத்திரி முழுக்க ஐந்தில் ஓடும். எனக்குக் குளிரில் பல் கிட்டும். அவனுக்கு வியர்க்கும் உடம்பு போல என்று நினைத்து, போர்வையை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொள்வேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் கண்டென்சர் போய் ஃபேன் நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் நான் அங்கே முதன்முதலாக அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். காலையில் அவன் பல் விளக்கிக்கொண்டே வருத்தமாகக் கேட்டான், "பாவம், காத்து இல்லாம நீங்க தூங்கியே இருக்க மாட்டீங்க, இல்ல?"

"இல்லையே, நல்லா தூங்கினேன். உங்களுக்குத்தான் கஷ்டமா இருந்திருக்கும்."

"எனக்கா? எனக்கு ரெண்டுக்கு மேல வச்சாலே மூக்கு அடைச்சுக்கும். உங்களுக்காகத்தான் அஞ்சுல வச்சேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் வாயில் பற்பசை நுரை. சிரிப்பு வந்து அது என் சட்டையில் தெறித்தது. "சொல்லித் தொலைஞ்சிருக்கலாமேடா!" என்றான். அந்த 'டா' வந்த அன்றுதான் நாங்கள் ரூம்மேட் ஆனோம். அன்று சாயங்காலமே லைட்டுக்கு ஒரு நேரம், அலாரத்துக்கு இரண்டு தடவை என்று பேசி முடித்துவிட்டோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் நாளே பேசியிருக்கலாம்.

வீட்டு நினைப்பு எனக்குக் காலையிலோ ராத்திரியிலோ வராது. சாயங்காலம், வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பி, பையைக் கட்டிலில் போடும் அந்த நிமிடத்தில் வரும். 'வந்துட்டியா?' என்று உள்ளேயிருந்து யாரும் கேட்காத நிமிடம் அது. அம்மா போனில் "சாப்பிட்டியா?" என்பார். குரலைச் சரிசெய்துகொண்டு "சாப்பிட்டேம்மா, இங்க எல்லாம் நல்லா இருக்கு" என்பேன். அம்மா நம்பினாரா என்பது வேறு விஷயம்.

இந்த ஏக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1688-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகவே ஆய்வேட்டில் எழுதினார். 'திரும்பி வருதல்', 'வலி' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து நாஸ்டால்ஜியா என்ற பெயரை உண்டாக்கியவரும் அவர்தான். அவர் விவரிக்கும் நோயாளிகளில் ஒருவன் பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த பையன். காய்ச்சலும் கலக்கமுமாகப் படுத்துவிட்டான், பிழைப்பதே சந்தேகம் என்ற நிலை. ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று வண்டியில் ஏற்றினார்கள். பாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதுமே மூச்சு சீராகி, ஊர் போய்ச் சேருமுன்பே தேறிவிட்டான். முன்னூறு வருஷத்துக்கு முன்னாலேயே இப்படி ஒருவன் படுத்திருக்கிறான் என்பதில் எனக்கு என்னவோ பெரிய ஆறுதல்.

ஆனால் அவன் வைத்தியம் எனக்குப் பலிக்கவில்லை. முதல் இரண்டு வார இறுதியும் வீட்டுக்கு ஓடினேன். போகும் வண்டியில் நானும் தேறினேன், உண்மைதான். திரும்பி வந்த ஞாயிறு இரவுதான் மறுபடி முதல் இரவாக இருந்தது. இரண்டு தடவையும் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தது. மூன்றாவது வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். வெள்ளைச் சட்டைகளோடு புது நீலத் துண்டை ஊறப்போட்டு, நாலு சட்டையை வானக் கலராக்கியது அந்த வாரம்தான். எல்லோரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு அப்படித்தான் நடந்தது.

எங்கள் மாடியிலேயே, தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இருந்த ஒரு பையன் இரண்டாம் மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டான். 'தாக்குப்பிடிக்கல' என்று நாங்கள் எளிதாகச் சொல்லிவிட்டோம். நானும் சொன்னேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். சாப்பிட முடியாமல், வகுப்புக்குப் போக முடியாமல் ஒருவன் இருந்திருக்கிறான். அதே மாடியில் இருந்த நாங்கள் யாரும் கேட்கவில்லை.

எங்கள் அறைக்குத் திரும்புகிறேன். வாசலைத் தாண்டும் 48 பேரில் பாதிப் பேர் தாண்டாமல் நிற்பார்கள். "தண்ணி வருதா?" "மணி என்ன?" "ஸ்டேப்ளர் இருக்கா?" சாவியை மறந்துவிட்டு வருகிறவன் எங்கள் கட்டிலில்தான் உட்காருவான். என் பக்கெட் தொலைந்தபோது மூன்றாம் மாடி சீனியர் அண்ணா ஒருவர், மேலே ஏறும் வழியில் என் புலம்பலைக் கேட்டு, யார் எடுத்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்றரை மாதத்தில் அந்தக் கட்டிடத்தில் எனக்குப் பெயர் தெரியாதவர்கள் குறைவு. இதற்காக நான் எந்த முயற்சியும் எடுக்கவில்லை. எனக்கு வலியப் போய்ப் பேச வராது. கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான்.

இதையும் யாரோ அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மாணவர் குடும்பங்களுக்கான குடியிருப்பில் யார் யாரோடு பழகுகிறார்கள் என்று விசாரித்து, 1950-ல் மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு அது. பக்கத்து வீட்டுக்காரரை நெருங்கிய நண்பர் என்று சொன்னவர்கள் 41 விழுக்காடு. ஒரு வீடு தள்ளி என்றால் 22. அதே தளத்தின் இரண்டு கோடிகளில் இருந்தவர்களிடையே வெறும் 10. நடுவில் இருந்தது நூறு அடிக்கும் குறைவான தூரம்தான். படிக்கட்டு அடியில் இருந்தவர்களுக்கு மாடி வீட்டு நட்பும் கூடுதலாக இருந்ததாம்.

மூன்றாம் மாதம் வார்டன் சார் கூப்பிட்டு அனுப்பினார். மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். "கோடி ரூம்ல ஒரு கட்டில் காலி. அமைதியான ரூம். போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு." ஊருக்குப் போன பையனின் கட்டில்.

போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே நல்ல அறை. இரண்டு பக்கம் ஜன்னல், பாத்ரூம் வாடை இல்லை. கட்டிலில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். ஒருவர்கூட அந்தப் பக்கம் வரவில்லை. அங்கே இருந்தவன் அறைக்காக மட்டும் ஊருக்குப் போனான் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு அவன் நினைப்பாகவே இருந்தது.

"வேண்டாம் சார், அங்கயே இருந்துக்கிறேன்" என்றேன். "படிப்புக்கு இடையூறுன்னு எழுதியிருக்கியே?" என்று கடிதத்தைத் தட்டினார். பதில் சொல்லத் தெரியாமல், அந்தக் கடைசி பாத்ரூம் தாழ்ப்பாளை மட்டும் சரிசெய்து கொடுத்தால் போதும் என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் புதுத் தாழ்ப்பாள் மாட்டினார்கள். நாலு நாள் தாங்கியது.