சதகுப்பை இலை விடுறதுக்கு முன்னாடியே பூத்துடுது, உதவி பண்ணுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம். சோயிக்கீரைன்னும் சொல்லுவாங்களே, அந்த சதகுப்பையை தொட்டில வளர்க்கிறேன், இது மூணாவது தடவை. முதல் தடவை நாத்து விட்டு பிடுங்கி நட்டேன், அத்தனையும் வாடிப்போச்சு. ஆணிவேர் செடி, வேரை அசைச்சா தாங்காதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதனால இப்போ நேரடியா 30 செ.மீ ஆழ தொட்டியிலேயே விதைச்சு, மேல லேசா மண் தூவி விட்டேன், 12 நாள்ல அழகா முளைச்சு வந்துச்சு, அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

இப்போ பிரச்சனை என்னன்னா, செடி ஒரு முழம் கூட வளரல, அஞ்சாவது வாரத்துலயே நடுவுல தண்டு நீண்டு பூங்கொத்து வந்துடுச்சு, அடி இலை எல்லாம் மஞ்சளாகுது. வெயில் 7 மணி நேரம் விழுது, மண்ணு மேல காய்ஞ்சதும் தண்ணி விடுறேன். சூடு ஜாஸ்தியானா, இல்ல மண்ணு அடிக்கடி காய்ஞ்சா சீக்கிரம் பூக்கும்னு தெரியும், ஆனா மதிய வெயிலுக்கு நிழல் வலை கட்டினா தண்டு மெலிஞ்சு சாஞ்சிடுமோன்னு பயமா இருக்கு. யாராவது கட்டி பார்த்திருக்கீங்களா?

பூத்தண்டை கிள்ளிட்டா திரும்ப இலை விடுமா, இல்ல விதைக்கு விட்டுட்டு 2 வாரத்துக்கு ஒருதரம் புதுசா விதைக்கிறதுதான் நல்லதா? பூவுல அசுவினி (சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி) வேற வந்திருக்கு. மருந்து அடிக்க மனசே வரல, ஏன்னா அதைத் தின்னுற பொறிவண்டு நிறைய வந்து உக்காருது. வெறும் தண்ணிய பீய்ச்சி அடிச்சா போதுமா?

அனுபவம் இருக்கிறவங்க கொஞ்சம் சொல்லுங்க.