மறு: ஹீமோகுளோபின் சரி, ஃபெரிட்டின் மட்டும் குறைவு – தமிழில் என்ன பெயர்?

எல்லோருக்கும் வணக்கம். நம் ஓட்டக்காரர் கையேட்டுக்கான சொற்களைப் பற்றிய இந்த இழை நீண்டுகொண்டே போகிறது, அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மடலில் பதில் போடுகிறேன்.

> இரத்தச்சோகை என்று ஊருக்கே தெரிந்த சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, ஊருக்கே தெரிந்த அந்தச் சொல்தான் இங்கே இடைஞ்சல். கையேட்டைப் படிக்கப் போவது 1500, 3000 மீட்டர் ஓடும் பள்ளி, கல்லூரிப் பெண்களும் அவர்களுடைய பயிற்சியாளர்களும். ஒரு பெண் கடைசி இரண்டு சுற்றில் கால் எழும்பவில்லை என்கிறாள், மாடிப்படி ஏறினால்கூட மூச்சு வாங்குகிறது என்கிறாள். இரத்தப் பரிசோதனை செய்தால் ஹீமோகுளோபின் 12.4. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால்தான் சோகை. "உனக்குச் சோகையெல்லாம் இல்லை, ஒழுங்காகப் பயிற்சிக்கு வா" என்று அனுப்பிவிடுவார்கள். அதே தாளில் இன்னும் கொஞ்சம் கீழே ஃபெரிட்டின், அதாவது சேமிப்பில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று காட்டும் புரதம், 9 என்று இருக்கும் (அந்தச் சோதனையை யாராவது எழுதிக் கொடுத்திருந்தால்). கல்லீரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் சேர்த்து வைத்த இரும்பை உடம்பு முதலில் எடுத்துச் செலவழிக்கும், அது தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். நமக்குப் பெயர் வேண்டியது இந்த நடுக்கட்டத்துக்கு.

> மறைசோகை என்று வைக்கலாமே, சொல்லவும் நன்றாக இருக்கிறது.

நன்றாகத்தான் இருக்கிறது அக்கா. ஆனால் சோகை எங்கும் மறைந்திருக்கவில்லையே, இன்னும் வரவே இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. தொலைதூரம் ஓடிப் பழகினால் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடும். சிவப்பணு கொஞ்சமும் குறையாமலே, தண்ணீர் விட்டு விளாவிய மோர் மாதிரி, ஹீமோகுளோபின் எண் மட்டும் இறங்கித் தெரியும். இரும்பு வேண்டிய அளவு இருக்கும், ஓட்டமும் நன்றாக இருக்கும். இதை விளையாட்டுச் சோகை என்கிறார்கள், எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. 'சோகைப்போலி' என்று போடலாம். ஒன்றில் எண் சரி, உடம்பில் இரும்பில்லை. மற்றதில் எண் குறைவு, உடம்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டிலும் 'சோகை' வந்தால் பயிற்சியாளர் நிச்சயம் குழம்புவார்.

> நேரடியாக ஃபெரிட்டின் குறைவு என்றே சொல்லிவிட்டுப் போகலாம்.

எனக்கும் முதலில் இதில்தான் சாய்வு. ஆனால் காய்ச்சலோ உள்காயமோ இருந்தால், கடும் பயிற்சிக்கு மறுநாள் இரத்தம் எடுத்தால்கூட, ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும், உள்ளே இரும்பு வற்றியிருந்தாலும். அளக்கும் பொருளின் பெயரை நிலைக்குச் சூட்டினால் இந்த இடத்தில் உதைக்கும். ஆய்வகத் தாளில் அச்சாகிற சொல் என்பதால் ஃபெரிட்டினை அப்படியே விட்டுவிடுவோம், தமிழாக்கவும் வேண்டாம்.

> இருப்புக் குறைவு. இரண்டே சொல், முடிந்தது.

தம்பி சொன்னதுதான் இந்த இழையிலேயே உருப்படியான யோசனை, அதில்தான் வேடிக்கையும் இருக்கிறது. இரும்பு என்பது அடைமொழியாக வரும்போது 'இருப்பு' ஆகும் – இருப்புப்பாதை, இருப்புச்சட்டி. ஆக 'இருப்புக் குறைவு' என்றால் இரும்புக் குறைவு, கையிருப்புக் குறைவு, இரண்டும்! தமிழாசிரியர் ரசிப்பார். மைதானத்தில் நிற்கிற பெண்ணுக்கோ ரேஷன் கடை நினைவுதான் வரும். அதனால் பிரித்து 'இரும்பிருப்பு' என்கிறேன்: உடலில் சேமித்து வைத்த இரும்பு. அது வற்றிய நிலை 'இரும்பிருப்புக் குறைவு'. சோகை வந்துவிட்டால் 'இரும்புக்குறைச் சோகை'. முன்னது முற்றினால் பின்னது என்பது சொல்லைப் பார்த்தாலே தெரிகிறது.

அப்புறம், பாதம் தரையில் அறைய அறையச் சிவப்பணு உடைவதற்கு 'மிதிச்சிதைவு' என்று எழுதியிருக்கிறேன். நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த ஒரு ஜெர்மன் படைவீரருக்குச் சிறுநீர் சிவந்து போனதை 1881-லேயே பதிவு செய்திருக்கிறார்கள், ஓட்டக்காரர்களுக்கு மட்டும் உரியது இல்லை. அதனால் 'ஓட்டச்சிதைவு' வேண்டாம். இதனால் போகும் இரும்பு பெரும்பாலும் கொஞ்சம்தான். பெண்களுக்கு மாதவிடாயில் போவதுதான் பெரிய செலவு. கையேட்டில் அதைச் சுற்றி வளைக்காமல் எழுத வேண்டும், 'அந்த நாட்கள்' எல்லாம் வேண்டாம்.

ஹெப்சிடின் என்ற ஹார்மோனின் பெயரும் அப்படியே இருக்கட்டும். அதை 'இரும்புத் தடுப்பி' என்று விளக்கத்தில் ஒருமுறை சொன்னால் போதும். கல்லீரல் அதைச் சுரக்கிறது, கடும் பயிற்சி முடிந்து 3 முதல் 6 மணி நேரத்தில் ஏறுகிறது, அந்த நேரத்தில் குடல் இரும்பைக் குறைவாகத்தான் உள்ளே விடும். இரும்பு மாத்திரையைக் காலையில் எடுப்பதும், ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்துப் பார்ப்பதும் இந்த ஹெப்சிடினால்தான். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சரி; டீ, காபி கூடாது. முருங்கைக்கீரையை மட்டும் நம்பிப் பயனில்லை, கீரையில் இருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். அசைவம் உண்டென்றால் ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) அதைவிட எவ்வளவோ மேல். ஆனால் சோதிக்காமல் யாரும் மாத்திரையில் இறங்க வேண்டாம் என்ற வரியைக் கொட்டை எழுத்தில் போடுங்கள், தேவைக்கு மேல் சேரும் இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது.

ஒன்று மட்டும் மருத்துவ நண்பர்கள் சொல்ல வேண்டும். இரும்பிருப்புக் குறைவு என்று எந்த எண்ணில் எழுதுவது? உலக சுகாதார நிறுவனம் வயது வந்தவர்களுக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்கிறது, விளையாட்டு மருத்துவர்கள் பலர் 30, 35-க்குக் கீழே போனாலே கவனிக்கச் சொல்கிறார்கள். நான் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, 15-க்குக் கீழே 'வற்றியது', 35 வரை 'தாழ்ந்தது' என்று அட்டவணை போட்டிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், அச்சுக்குப் போன பிறகு வேண்டாம்.