போர்ட்ஸ்மவுத் பெனால்டியும் ஆர்சனலின் 49 ஆட்டங்களும்

ஹைபரிக்காரன்:
நேத்து வேறொரு திரியில ஒருத்தர் போற போக்குல எழுதிட்டுப் போயிருக்கார்: "ஆர்சனலோட 49 ஆட்டச் சாதனை ரெஃப்ரி போட்ட பிச்சை. போர்ட்ஸ்மவுத் பெனால்டி இல்லேன்னா கணக்கு ஆறோட முடிஞ்சிருக்கும்." அதைப் படிச்சதுல இருந்து எனக்கு வயிறு எரியுது. லண்டன் கால்பந்து கிளப்பான எங்க ஆர்சனல், இங்கிலாந்து லீக்ல தொடர்ந்து 49 ஆட்டம் தோக்காம ஆடின கணக்கை முழுசா இங்க வைக்கிறேன்.

2003 மே 7, சவுத்தாம்டன், 6-1. அங்க ஆரம்பம். 2004 அக்டோபர் 16, ஆஸ்டன் வில்லா, 3-1. அது 49வது. 36 வெற்றி, 13 டிரா. போட்டது 112 கோல், வாங்கினது 35. இதுக்கு நடுவுல 2003-04 சீசன் மொத்தமும் வருது: 38 ஆட்டம், 26 வெற்றி, 12 டிரா, 90 பாயிண்ட், ஒரு தோல்வி கிடையாது. இங்கிலாந்துல 38 ஆட்டம் ஆடற லீக்ல இதை வேற யாரும் செஞ்சதில்ல. இதைப் போய்ப் பிச்சைன்னு சொல்ல எப்படி மனசு வந்துச்சு?

டிராஃபோர்டு சிவப்பு:
எழுதினது நான்தான், மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். பேரைச் சொல்லியே திட்டலாம், தப்பில்ல. இவ்வளவு எண்ணை அடுக்கினீங்க, ஏழாவது ஆட்டத்தை மட்டும் ஏன் தாண்டிப் போயிட்டீங்க? 2003 செப்டம்பர் 13, அப்போ உங்க மைதானமா இருந்த ஹைபரி. அந்த வருஷம்தான் கீழ் டிவிசன்ல இருந்து மேல ஏறி வந்த போர்ட்ஸ்மவுத். அவங்க ஷெரிங்காம் கோல் அடிச்சு 1-0. உங்க பிரேஸ் பெனால்டி பாக்ஸுக்குள்ள வந்து அவங்க ஸ்டெஃபனோவிச் காலைத் தேடிப்போய் விழுந்தார். பெனால்டி, ஹென்றி கோல், 1-1. அது டைவ், பெனால்டிக்காக வேணும்னே விழறது. ஊரே பார்த்துச்சு.

ஹைபரிக்காரன்:
தாண்டலை. அந்தப் பெனால்டி இடைவேளைக்கு முன்னாடி கொடுத்தது. ரெண்டாவது பாதி முழுசா மிச்சம் இருந்துச்சு. அந்தப் பெனால்டி இல்லேன்னா ஆட்டம் 1-0லயே முடிஞ்சிருக்கும்னு உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்தாங்க?

அந்த டீம் பின்தங்கினா என்ன செய்யும்னு பாருங்க. 2004 ஏப்ரல் 9, லிவர்பூல் ஹைபரிக்கு வந்தப்போ இடைவேளையில 1-2. அதுக்கு முந்தின ஆறு நாளுக்குள்ள எஃப்.ஏ. கோப்பையும் போச்சு, சாம்பியன்ஸ் லீக்கும் போச்சு. வேற டீமா இருந்தா உடைஞ்சு போயிருக்கும். ஹென்றி மூணு கோல், 4-2. சீசனோட கடைசி நாள் லெஸ்டர்: பழைய ஆர்சனல்காரர் டிக்கோவே முதல் கோலைப் போட்டார், கடைசியில 2-1 நாங்க. அடுத்த ஆகஸ்ட்ல மிடில்ஸ்பரோவோட 1-3ல இருந்து 5-3. நாட்டிங்காம் ஃபாரஸ்ட்டோட 42 ஆட்டச் சாதனையைத் தொட்டது அந்த ஆட்டத்துலதான்.

டிராஃபோர்டு சிவப்பு:
லிவர்பூல், லெஸ்டர், மிடில்ஸ்பரோ எல்லாத்தையும் சொன்னீங்க. நான் கேட்டது போர்ட்ஸ்மவுத். அது பெனால்டியா இல்லையா?

கணக்கு நோட்டு:
இருவருக்கும் ஒரு வேண்டுகோள். "தோற்காத அணி" என்றால் என்னவென்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். லீக் மட்டுமா, எல்லாப் போட்டிகளுமா? 2003-04இல் ஆர்சனல் ஹைபரியிலேயே இன்டர் மிலானிடம் 0-3 தோற்றது. கீவிலும் தோற்றது. எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, லீக் கோப்பை அரையிறுதி, செல்சியுடனான ஐரோப்பியக் காலிறுதி எல்லாமே தோல்விதான். 1888-89இல் பிரெஸ்டன் நார்த் எண்ட் லீக்கில் 22 ஆட்டம் ஆடி 18 வெற்றி, 4 டிரா, எஃப்.ஏ. கோப்பையை ஒரு கோல்கூட வாங்காமல் வென்றார்கள். எல்லாப் போட்டிகளையும் சேர்த்தால் அந்தப் பட்டம் அவர்களுக்குத்தான்.

ஆன்ஃபீல்டு ராணி:
49, 49னு ரொம்பத்தான் பேசறீங்க. எங்க லிவர்பூல் தோக்காம ஆடின 44 ஆட்டத்துல 39 வெற்றி, 5 டிரா. உங்களோடதுல 36 வெற்றிதான், அதுவும் அஞ்சு ஆட்டம் கூட ஆடி. எது பெரிசு?

ஹைபரிக்காரன்:
அக்கா, 44-ஐ விட 49 பெரிசு. ஒண்ணாங்கிளாஸ் கணக்கு. 2020 பிப்ரவரி 29 ராத்திரி வாட்ஃபோர்டுல நீங்க 0-3 தோத்து அந்தத் தொடர் முடிஞ்சப்போ நான் டிவி முன்னாடிதான் இருந்தேன். சத்தியமாச் சொல்றேன், கண்ணுல தண்ணி வந்துச்சு. அன்னைக்குத்தான் 49 எவ்வளவு கஷ்டம்னு எல்லாருக்கும் புரிஞ்சுது.

ஆன்ஃபீல்டு ராணி:
அந்த சீசனை நாங்க 99 பாயிண்டோட முடிச்சோம். நீங்க 90. ஒன்பது பாயிண்டு கம்மியா எடுத்துட்டு, தோக்காத சீசனுக்காகத் தங்கக் கோப்பை வாங்கினவங்க நீங்க மட்டும்தான்.

டிராஃபோர்டு சிவப்பு:
அக்கா சரியான இடத்துல கை வெச்சாங்க. 12 டிரா! 38 ஆட்டத்துல 12! 1999-2000ல நாங்க 91 எடுத்தோம், மூணு ஆட்டம் தோத்தும். தோக்கக் கூடாதுன்னு ஆடறது வேற, ஜெயிக்கணும்னு ஆடறது வேற.

ஹைபரிக்காரன்:
டிராவைப் பத்தி நீங்க பேசறீங்களா? 1998-99, உங்க டிரெபிள் சீசன். 22 வெற்றி, 13 டிரா, 3 தோல்வி, 79 பாயிண்ட். பதிமூணு டிரா! 79 பாயிண்டு எடுத்த சாம்பியனை நீங்க கும்பிடறீங்க, 90 எடுத்தவன் தோக்காம ஆடினான்னு குறை சொல்றீங்க. ஃபாரஸ்ட்டோட 42 ஆட்டத்துல 21 வெற்றி, 21 டிரா, சரிபாதி. அதை யாராவது கேலி பண்ணியிருக்காங்களா? ஆர்சனல்னா மட்டும் எல்லாருக்கும் டிரா கண்ணை உறுத்துது.

டிராஃபோர்டு சிவப்பு:
அந்த 79 பாயிண்டோட மூணு கோப்பை வந்துச்சு. உங்க 90ஓட ஒண்ணுதான். சரி, அது கிடக்கட்டும். போர்ட்ஸ்மவுத் பெனால்டி?

வெள்ளைச்சேவல்:
நான் லண்டனிலதான் இருக்கிறன், டாட்டன்ஹாம் ரசிகன், உந்த ஆர்சனல் ஆக்களோட தினமும் வேலைத்தலத்தில மல்லுக்கட்டுறன். ஒரு பெனால்டிக்கு ஏன் அடிபடுறியள்? ஆர்சனல் முதல் டிவிசனுக்கு வந்த விதமே பிழை. 1914-15இல இரண்டாம் டிவிசனில முதல் ரெண்டு இடத்துக்குள்ளயும் வரேல்லை. 1919இல, போர் முடிஞ்சு லீக் திரும்பத் தொடங்கேக்க, கிளப்புகளிட்ட வாக்கெடுப்பு வைச்சு 18 வாக்கோட மேல ஏறினவை. எங்களுக்கு 8 வாக்கு. எங்கட இடத்தைப் பறிச்சுக்கொண்டு போய், இண்டைக்கு "1919இல இருந்து நாங்கள் கீழ இறங்கேல்லை" எண்டு பெருமை பேசினம். அந்தப் பெருமைக்கு அடியில இருக்கிறது எங்கட கதிரை.

ஹைபரிக்காரன்:
அண்ணே, உங்க கதிரையா? 1914-15ல முதல் டிவிசன்ல கடைசி இடம் யாரு? டாட்டன்ஹாம். இருபதாவது இடம். இறங்க வேண்டிய டீம் இறங்குச்சு. அடுத்த வருஷமே நீங்க திரும்பியும் வந்துட்டீங்க. நூறு வருஷத்துக்கு மேலயும் அழுதா எப்படி? ஏறினது எப்படின்னாலும் அதுக்கப்புறம் ஒரு தடவைகூட இறங்காம நின்னது யாரோட உழைப்பு?

வெள்ளைச்சேவல்:
பத்தொன்பதாவதா வந்த செல்சியை வைச்சிருந்தவை, எங்களை மட்டும் இறக்கினவை. அந்த வருசம் மான்செஸ்டர் யுனைடெட்டும் லிவர்பூலும் பேசி வைச்சு விளையாடின ஆட்டம் நடந்திராட்டி அட்டவணையே வேற மாதிரி வந்திருக்கும். உதையும் எழுதுங்கோ, கணக்கு எழுதுறியள் எண்டால்.

டிராஃபோர்டு சிவப்பு:
1915ல சில ஆட்டக்காரங்க பண்ணின தப்புக்கு அவங்களைத் தடை பண்ணியாச்சு. அதை ஏன் இப்ப இழுக்கறீங்க? 1961க்கு அப்புறம் லீக் ஜெயிக்காத டீம் சாதனைகளைப் பத்திப் பேசக் கூடாது.

வெள்ளைச்சேவல்:
2025 மே, பில்பாவோ, யூரோப்பா லீக் இறுதி ஆட்டம், 1-0. உங்களைத்தான் வென்டனாங்கள். ஞாபகம் இருக்கோ?

டிராஃபோர்டு சிவப்பு:
பதினேழாவது இடத்துல முடிச்சுட்டு அதைக் கொண்டாடினீங்க. ஞாபகம் இருக்கு.

கணக்கு நோட்டு:
வரையறை பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஹைபரிக்காரன்:
அண்ணனுக்கு இன்னும் ஒண்ணு சொல்லிட்டு விஷயத்துக்கு வரேன். 2004 ஏப்ரல் 25, நாங்க லீக் பட்டத்தை உறுதி பண்ணினது எங்கே? உங்க மைதானம் வைட் ஹார்ட் லேன்ல. 2-2. கடைசி நிமிஷத்துல உங்களுக்கும் பெனால்டி கிடைச்சுது, ராபி கீன் அடிச்சார், ஏதோ கோப்பையே வாங்கின மாதிரி கொண்டாடினீங்க. பக்கத்துல நாங்க நிஜமாவே பட்டம் வாங்கிட்டு ஆடிக்கிட்டிருந்தோம். 1971லயும் அதே மைதானத்துலதான் பட்டம் வாங்கினோம்.

இப்ப சிவப்புக்கு. பெனால்டி, பெனால்டின்னு கேக்கறீங்களே, 50வது ஆட்டத்தைப் பேசலாமா? 2004 அக்டோபர் 24, உங்க மைதானம் ஓல்டு டிராஃபோர்டு. ரெஃப்ரி மைக் ரைலி. எங்க லியுங்பெர்க் கோலை நோக்கி ஓடறப்போ உங்க ஃபெர்டினாண்ட் இடிச்சுத் தள்ளினார், சிவப்பு அட்டை இல்ல. ரேயஸைக் காலைக் காலை வெட்டினாங்க. உங்க வான் நிஸ்டல்ரூய் எங்க ஆஷ்லி கோலோட முழங்கால்ல பூட்ஸை இறக்கினார், அன்னைக்கு ஒண்ணும் இல்ல, அப்புறம் மூணு ஆட்டம் தடை வந்துச்சு. இத்தனையும் போதாதுன்னு 73வது நிமிஷம் உங்க ரூனி விழுந்தார். எங்க கேம்பெல் காலை இழுத்துக்கிட்டார், ரூனி காத்துல விழுந்தார். பெனால்டி! வான் நிஸ்டல்ரூய் கோல். கடைசியில ரூனி இன்னொண்ணு. 2-0.

போர்ட்ஸ்மவுத் பெனால்டி எங்களுக்கு ஒரு பாயிண்ட் கொடுத்துச்சு. ரைலி கொடுத்த பெனால்டி ஒரு சரித்திரத்தையே நிறுத்துச்சு. ரெண்டையும் தராசுல வெச்சுப் பாருங்க.

இன்னொண்ணும் இருக்கு. 2002 செப்டம்பர்ல எங்க மேனேஜர் வெங்கர் ஒரு சீசன் முழுக்கத் தோக்காம ஆட முடியும்னு சொன்னப்போ பத்திரிகைக்காரங்க எல்லாம் சிரிச்சாங்க. அடுத்த மாசமே எவர்ட்டனோட மைதானமான குடிசன் பார்க்ல 16 வயசுப் பையன் கடைசி நிமிஷத்துல கோல் போட்டு, அப்ப ஓடிக்கிட்டிருந்த 30 ஆட்டத் தொடரை முடிச்சான். அவன் பேரு ரூனி. அதே ரூனி தன்னோட 19வது பிறந்தநாள் அன்னைக்கு 49ஐயும் முடிச்சார். கோல் போட்டு முடிச்ச குடிசனை நான் ஒத்துக்கறேன், அது அருமையான கோல். விழுந்து முடிச்ச டிராஃபோர்டை சாகற வரைக்கும் ஒத்துக்க மாட்டேன்.

டிராஃபோர்டு சிவப்பு:
ஆக, பெனால்டியில சாதனை முடிஞ்சா அநியாயம், பெனால்டியில சாதனை தப்பிச்சா நியாயம். ரூனி விழுந்தது தப்பு, பிரேஸ் விழுந்தது சரி. ரொம்ப நல்லா இருக்கு உங்க தராசு!

எட்டாவது ஆட்டத்தையும் சொல்றேன், எழுதி வெச்சுக்கோங்க. 2003 செப்டம்பர் 21, எங்க மைதானம், 0-0. வியேரா சிவப்பு அட்டை வாங்கி வெளியே. கடைசியில எங்களுக்குப் பெனால்டி, வான் நிஸ்டல்ரூய் அடிச்சது மேல் கம்பத்துல பட்டுத் திரும்புச்சு. எட்டு நாள் இடைவெளியில ரெண்டு தடவை உங்க சாதனை செத்துப் பிழைச்சுது. அதுக்கப்புறம் உங்க கியோன் வான் நிஸ்டல்ரூய் தலைக்கு மேல குதிச்சாரே, அதுவா சாம்பியன் பண்பு? கிளப்புக்கு 1,75,000 பவுண்ட் அபராதம் போட்டாங்க.

ஹைபரிக்காரன்:
அபராதம் கட்டினோம். லாரனுக்கு நாலு ஆட்டம் தடை, கியோனுக்கு மூணு. அனுபவிச்சோம். அவங்க இல்லாமயும் தோக்கலை. பெனால்டியைக் கம்பத்துல அடிச்சது உங்க ஆள். அதுக்கும் நாங்கதான் பொறுப்பா?

ஆன்ஃபீல்டு ராணி:
இவருக்கு எதைச் சொன்னாலும் ஒரு தேதியைத் தூக்கிட்டு வந்துடறார். 2022-23ல 248 நாள் முதலிடத்துல இருந்துட்டுக் கோப்பை இல்லாம முடிச்சீங்களே, அந்தச் சாதனையையும் பட்டியல்ல சேர்த்துக்கோங்க.

ஹைபரிக்காரன்:
அக்கா, 2014ல உங்க கேப்டன் ஜெரார்டு மைதானத்துல வழுக்கினதை நான் இதுவரைக்கும் வாயைத் திறந்து சொன்னதில்ல. சொல்ல வெச்சுடாதீங்க.

ஆன்ஃபீல்டு ராணி:
சொல்லிட்டீங்களே. உங்ககிட்ட இனிமே பேச்சே இல்ல.

கணக்கு நோட்டு:
பிரெஸ்டன் பற்றி யாருக்குமே அக்கறை இல்லை போலிருக்கிறது. 74 கோல் போட்டு 15 வாங்கியவர்கள்.

ஹைபரிக்காரன்:
சார், பிரெஸ்டனை மதிக்கறேன். பன்னிரண்டு டீம், 22 ஆட்டம். எங்களோடது இருபது டீம், 38 ஆட்டம். அதோட விடுங்க.

கணக்கு நோட்டு:
விட முடியாது. ஆட்ட எண்ணிக்கையால் அளப்பதென்றால் ராணி சொன்ன வெற்றி எண்ணிக்கையாலும் அளக்கலாம்.

வெள்ளைச்சேவல்:
வாக்கு எண்ணிக்கையாலும் அளக்கலாம். 18க்கு 8.

டிராஃபோர்டு சிவப்பு:
நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். ஆமா இல்லேன்னு ஒரு வார்த்தையில பதில் சொல்லியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்கும். பிரேஸ் விழுந்தது பெனால்டியா?

ஹைபரிக்காரன்:
ரூனி விழுந்தது பெனால்டியான்னு நீங்க முதல்ல சொல்லுங்க. சொன்ன அடுத்த நிமிஷம் நான் சொல்றேன்.

டிராஃபோர்டு சிவப்பு:
ஏழுக்கு அப்புறம்தான் ஐம்பது. வரிசையா வாங்க.

ஹைபரிக்காரன்:
வரிசையாவே வரேன். நாளைக்கு ராத்திரி 49 ஆட்டத்தையும் ஒண்ணொண்ணா எழுதப் போறேன். யார் கோல் போட்டாங்க, எத்தனையாவது நிமிஷம், ரெஃப்ரி யாரு, எல்லாம் வரும். படிச்சுட்டு அப்புறம் பிச்சைன்னு சொல்லுங்க பார்க்கலாம்.

டிராஃபோர்டு சிவப்பு:
ஏழாவதுல இருந்து ஆரம்பிங்க.