ஐக்கியத்தில் ஆள் குறையும்போது: வேலை பார்த்தவர்களின் பகிர்வு

பதிவேடு எழுதுபவர்:

ஸ்தோத்திரம். "சபையில் ஆள் குறைந்துவிட்டது" என்று கமிட்டியில் யாராவது சொன்னால், அடுத்த நிமிடமே எழுப்புதல் கூட்டத்துக்குத் தேதி பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். தேதியை அப்புறம் பார்க்கலாம். எந்த எண் குறைந்திருக்கிறது? பதிவேட்டில் உள்ள பெயர்கள், ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள், வாரநடுவில் ஜெபக்குழுவுக்கும் ஐக்கியக் கூட்டத்துக்கும் வருகிறவர்கள் என்று கணக்கு மூன்று இருக்கிறது. பெரும்பாலும் வாரநடுக் கூட்டம்தான் முதலில் தேயும். பதிவேடு கடைசி வரை கொழுத்தே இருக்கும், அதில் யாரும் கை வைப்பதில்லை என்பதால்.

எண்ணுவதற்கு ஒரே ஆளை வையுங்கள். பிரசங்கம் தொடங்கும் முன் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். பாடகர் குழுவையும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளையும் சேர்ப்பதா வேண்டாமா என்பதை ஒருமுறை முடிவுசெய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஒரு வருடம் பிள்ளைகளைச் சேர்த்தும் மறு வருடம் சேர்க்காமலும் எண்ணினால், நடக்காத சரிவுக்கு உபவாச ஜெபம் வைக்க வேண்டியிருக்கும். கிறிஸ்துமஸ், புதுவருடம், ஈஸ்டர் ஞாயிறுகளைத் தள்ளிவிட்டு மூன்று மாதச் சராசரி எடுங்கள். அதைப் போன வருடத்தின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால் பரீட்சையும் விடுமுறையும் கணக்கைக் குழப்பும்.

இன்னொரு கண்கட்டு வித்தையும் உண்டு. 80 பேர் வாரா வாரம் வந்தால் சராசரி 80. அதே 80 பேர் மாதத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் வந்தால் சராசரி 40. ஒருவர்கூடச் சபையை விட்டுப் போகவில்லை, ஆனால் பாதி சபை காணாமல் போனதுபோலத் தெரியும். இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால்தான் தலையை மட்டும் எண்ணாமல் குடும்ப வாரியாகவும் குறிக்கச் சொல்கிறேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி, வருடத்துக்கு 52 கட்டம், வந்தால் புள்ளி. ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் சேர்ந்து நினைவிலிருந்தே குறித்துவிடலாம். வாசலில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள், அலுவலகம் மாதிரி ஆகிவிடும்.

கட்டங்கள் நிரம்பியதும், வராதவர் ஒவ்வொருவருக்கும் ஒரு எழுத்து போடுங்கள். ம: மரணம். இ: இடம் மாறிப் போனவர். வே: வேறு சபைக்குப் போனவர். மு: வயது, நோய், வேலை நேரம் காரணமாக வர முடியாதவர். நி: ஊரிலேயே இருந்துகொண்டு நின்றுபோனவர். உதாரணத்துக்கு, பதிவேட்டில் 120 பேர், வருவது 70. மீதி 50 பேரில் ம 6, இ 14, வே 9, மு 11, நி 10 என்று வைத்துக்கொள்வோம். 50 பேரை இழந்தோம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களுக்கு, உடனே செய்ய வேண்டிய வேலை மு, நி போட்ட 21 பெயர்களில் இருப்பது அப்போதுதான் தெரியும். 21 பெயரை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

சந்திப்புக் குழு:

பிரதர் சொன்ன அந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் எங்கள் வேலை. நாங்கள் பின்பற்றும் கால அளவு இது. இரண்டு ஞாயிறு தொடர்ந்து வராவிட்டால் போன். மூன்றாவது ஞாயிறும் வராவிட்டால் அந்த வாரத்துக்குள் வீட்டுக்குப் போக வேண்டும். மூன்று மாதம் கழித்துப் போனால், "இப்போதுதான் ஞாபகம் வந்ததா?" என்பார்கள். சொல்லாவிட்டாலும் முகத்தில் இருக்கும்.

இரண்டு பேராகப் போங்கள், நான்கு பேர் போனால் விசாரணைக் கமிஷன். முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் போதும். முதல் கேள்வி "ஏன் வரவில்லை?" என்று இருக்கக் கூடாது. "எப்படி இருக்கிறீர்கள், வீட்டில் எல்லாரும் சுகமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் பத்தாவது நிமிடத்தில் தாங்களாகவே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். சொன்னதற்கு அங்கேயே பதில் வாதம் செய்தால் அந்தச் சந்திப்பு அதோடு முடிந்தது. ஜெபிக்கும்போது "இவர்களை மறுபடி ஆலயத்துக்குக் கொண்டுவாரும்" என்று கர்த்தரிடம் சொல்வதுபோல அவர்களிடம் சொல்லிக் காட்டாதீர்கள். அவர்கள் சொன்ன கஷ்டத்துக்காக மட்டும் ஜெபியுங்கள்.

சந்தா நோட்டை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. பல சபைகளில் வீட்டுச் சந்திப்பு தோற்பதற்கு இது ஒன்றே காரணம்.

திரும்பி வந்த இரவே அவர்கள் சொன்ன காரணத்தை அவர்கள் வார்த்தையிலேயே ஒரு வரி எழுதி வையுங்கள். குடும்ப ரகசியம், வியாதி விவரம் எதுவும் நோட்டில் ஏறக் கூடாது. பத்து வீடு முடிந்ததும் அந்தப் பத்து வரியையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். "பின்வாங்கிப் போனார்கள்" என்று நாம் மொத்தமாகப் பேர் வைத்த இடத்தில், ஒருவருக்கு ஞாயிறு ஷிப்ட், ஒருவருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை, ஒருவருக்குத் தகப்பன் அடக்கத்துக்குச் சபையிலிருந்து யாரும் வரவில்லை என்ற வருத்தம், ஒருவருக்கு மணமுறிவுக்குப் பிறகு முன்வரிசைப் பார்வைகளைத் தாங்க முடியவில்லை. இவற்றில் பிரசங்கத்தால் தீர்வது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

சண்டை காரணம் என்றால் மத்தேயு 18-ல் வரிசை இருக்கிறது: முதலில் தனித்து, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, கடைசியில்தான் சபைக்கு. நடைமுறையில் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் பிரசங்க பீடத்திலிருந்து ஜாடையாக ஒரு குத்து, பிறகு கமிட்டியில் பேச்சு, தனித்துப் பேசுவது கடைசியில், அல்லது ஒருபோதும் இல்லை. ஆனால் பிள்ளைக்கோ பெண்ணுக்கோ சபையில் ஒருவரால் தீங்கு நடந்து அதனால் குடும்பம் விலகியிருந்தால், அங்கே இந்த வரிசை பொருந்தாது. "மன்னித்துத் திரும்பி வாருங்கள்" என்று கேட்கப் போகாதீர்கள். அதைச் சட்டப்படி புகார் செய்ய உதவுவதுதான் சந்திப்புக் குழுவின் வேலை.

பொருளாளர்:

சிஸ்டருக்குச் சந்தா நோட்டின்மேல் இவ்வளவு கோபம் வேண்டாம். ஒரு பழைய கதை இருக்கிறது. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் சங்கத்துக்குக் கட்டடக் கடன். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்று கேப்டன் ஃபாய் என்பவர் யோசனை சொன்னார். ஏழைகளால் அதையும் தர முடியாதே என்று ஒருவர் கேட்க, "பரம ஏழைகள் பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் அவர்கள் பங்கையும் நானே தருகிறேன்" என்றாராம். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போக வேண்டும். பென்னி வாங்கப் போனவர்கள்தான் யார் வீட்டில் என்ன பிரச்சினை என்பதைக் கண்டுவந்து சொன்னார்கள். மெதடிஸ்டுகளின் வகுப்புக் கூட்டம் பிறந்தது இப்படித்தான். கொடுக்க முடியாதவருக்குப் பதிலாகக் கொடுக்கும் மனதோடு போனவர் கையில் அந்த நோட்டு ஒன்றும் கெடுதல் செய்யவில்லை.

ஆனாலும் சிஸ்டர் சொல்வதில் நியாயம் உண்டு. நிலுவை வைத்தவர் பெயரைப் பலகையில் ஒட்டுவதும், நிலுவை தீர்த்தால்தான் கல்யாணம், அடக்கம் என்று நிறுத்திவைப்பதும் ஆளைத் துரத்தும் வேலை. நிலுவையைப் பொருளாளர் தனியாக, வருடத்துக்கு ஒருமுறை, மூடிய கவரில் தெரிவித்தால் போதும். கஷ்டம் என்று சொன்னவருக்குத் தள்ளுபடி செய்யும் அதிகாரத்தை இரண்டு பேரிடம் கொடுங்கள், முழுக் கமிட்டிக்கும் அது தெரிய வேண்டியதில்லை.

ஆள் குறைவதைவிட ஆபத்தான ஒன்று கணக்கில் ஒளிந்திருக்கும். காணிக்கையைக் குடும்ப வாரியாகப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மொத்தத்தில் பாதி எத்தனை குடும்பத்திலிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். 60 குடும்பத்தில் ஐந்தே குடும்பம் பாதியைச் சுமந்தால், அதில் இரண்டு வீட்டார் எழுபது வயதைத் தாண்டியிருந்தால், எண்ணிக்கை அப்படியே இருந்தாலும் சபை சரிவில்தான் இருக்கிறது. அந்த நிலையில் கூரைக்கும் ஒலிபெருக்கிக்கும் கடன் வாங்காதீர்கள்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை:

எனக்கு ஒரு தாள் போதும். பெயர்களை வயதுவாரியாகப் பிரித்து எழுதுங்கள்: 12 வரை, 13–17, 18–30, 31–50, 51–70, அதற்கு மேல். எந்தக் கட்டத்தில் ஓட்டை என்று பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் இரண்டு கணுவில் ஒடிகிறது. ஞானஸ்நான வகுப்போ திடப்படுத்தல் வகுப்போ முடிந்த மறுமாதம் ஒன்று, படிப்புக்கோ வேலைக்கோ வெளியூர் போகும்போது ஒன்று.

வகுப்பு முடிந்ததும் உடை, போட்டோ, சான்றிதழ் எல்லாம் கொடுத்துப் பட்டம் வாங்கியவரைப்போல வழியனுப்பிவிடுகிறோம். வகுப்பு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை தர வேண்டும். ஒலிப்பெட்டி, பாட்டு வரிகளைத் திரையில் போடுவது, வேதவாசிப்பு, சின்ன வகுப்பில் துணை ஆசிரியர் என்று எதுவானாலும் சரி, பேர் போட்ட வேலை. "நீங்கள்தான் நாளைய சபை" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துவிட்டது. அவர்கள் இன்றைய சபை.

1881 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஃபிரான்சிஸ் கிளார்க் என்ற போதகர் தொடங்கிய கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தில் வாலிபருக்கென்றே பல சிறு குழுக்கள் இருந்தன. அதில் ஒன்று, புதியவரைச் சேர்ப்பதற்கும் வராதவரைத் தேடிப் போவதற்கும். மாதம் ஒருமுறை பெயர் கூப்பிடுவார்கள், ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும். தேடும் வேலையை வாலிபர் கையிலேயே கொடுத்ததுதான் அதில் நான் கவனிக்கும் விஷயம். நண்பன் போனால் திறக்கிற கதவு மூப்பர் போனால் திறக்காது.

வெளியூர் போகிறவருக்கு வழியனுப்பு ஜெபத்தோடு வேலை முடியவில்லை. அவர் கிளம்பும் முன்பே போகிற ஊரில் ஒரு சபையின் போன் எண்ணை வாங்கி, அங்கே ஒருவரிடம் பேசி வையுங்கள். போன பிறகு முதல் மூன்று ஞாயிறுக்குள் ஒரு போன். அந்த மூன்று ஞாயிறில் எங்கேயும் கால் வைக்காதவர் பிறகு கால் வைப்பது கஷ்டம். நம் எண்ணிக்கைக்கு இதில் லாபம் ஒன்றுமில்லை, இ என்ற எழுத்துதான் விழும். நி விழாமல் இருக்கும், அவ்வளவுதான்.

பிள்ளைகள் நான்கே பேர் என்றால் நான்கு வகுப்பு நடத்தாதீர்கள். எல்லாருக்கும் ஒரே கதை, பிறகு வயதுக்கேற்ற செய்கைகள். எத்தனை குறைவாக இருந்தாலும் அறையில் பெரியவர் இருவர் இருந்தே ஆக வேண்டும்.

மூப்பர் ஒருவர்:

நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. பிரசங்க பீடத்திலிருந்து "என்ன இவ்வளவு பேர்தானா?" என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். வராதவர் காதில் அது விழப்போவதில்லை, வந்தவர்தான் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

200 நாற்காலி போட்ட இடத்தில் 40 பேர் சிதறி உட்கார்ந்தால் பாட்டே எழும்பாது. பின்பாதியைக் கயிறு கட்டி அடைத்து, முன்னால் 50 நாற்காலியை அரைவட்டமாகப் போடுங்கள். செலவில்லாத மாற்றம் இது, முதல் ஞாயிறே வித்தியாசம் தெரியும். நாற்பது பேர் இருக்கும் இடத்தில் பன்னிரண்டு கமிட்டி இருந்தால் அதைப் பராமரிப்பு, சந்திப்பு, ஆராதனை என்று மூன்றாகச் சுருக்குங்கள். ஒரே ஐந்து பேர் எல்லாவற்றிலும் உட்கார்ந்து சோர்ந்துபோய், அடுத்த வருடம் அந்த ஐவரில் இருவர் நி ஆகிவிடுவார்கள்.

எழுப்புதல் கூட்டம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதன் பலனை அந்த இரவின் கூட்டத்தை வைத்து அளக்காதீர்கள். அடுத்த நான்கு ஞாயிறில் எத்தனை புது முகம், அவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும் என்று பாருங்கள். புதிதாக வந்தவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுவதைவிட, ஒரு வாரத்துக்குள் ஒரு போன், ஒரு மாதத்துக்குள் யாராவது ஒருவர் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு, மூன்று மாதத்துக்குள் கையில் ஒரு சிறிய பொறுப்பு, இதுதான் நிற்கும். அவர் பக்கத்துச் சபையிலிருந்து கோபித்துக்கொண்டு வந்தவர் என்றால் அந்தச் சபைப் போதகரிடம் பேசிவிட்டுச் சேருங்கள். சபை வளர்ச்சியைப் பிறப்பால், வேறு சபையிலிருந்து மாறி வருவதால், மனந்திரும்புவதால் என்று, இந்தியாவில் மிஷனரியாக இருந்து சபை வளர்ச்சியை ஆராய்ந்த டொனால்ட் மெக்கவ்ரன் மூன்றாகப் பிரித்தார். மாறி வந்தவர்களால் நாம் நிரம்பினால் இன்னொரு பதிவேட்டில் வே ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு குறிப்பிட்ட கூட்டத்தார் மட்டும் கழன்றுபோகிறார்கள் என்றால் அப்போஸ்தலர் 6 படியுங்கள். கிரேக்க மொழிக்காரரின் விதவைகள் அன்றாட விசாரிப்பில் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்தது. தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயரும் கிரேக்கப் பெயர். முறுமுறுத்தவர்கள் பக்கத்திலேயே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். நாமோ வாலிபர் குறைகிறார்கள் என்று ஆராய அறுபது வயதுக்காரர் ஏழு பேரைக் குழு போடுகிறோம்.

பதிவேடு எழுதுபவர்:

பெயரை எப்போது நீக்குவது என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். மரணம், மாற்றுச் சான்று வாங்கிப் போனது, இந்த இரண்டுக்கும்தான் மையால் கோடு, தேதியோடு. நின்றுபோனவரை வருடத்துக்கு இரண்டு சந்திப்பும் ஒரு கடிதமும் முடிந்த பிறகு தனிப் பட்டியலுக்கு மாற்றலாம், அதுவும் உங்கள் சபைச் சட்டம் அனுமதித்தால். வாக்காளர் எண்ணிக்கைக்கும் கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள் கணக்குக்கும் (கோரம்) அந்தப் பட்டியலைச் சேர்க்க வேண்டியதில்லை, கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குச் சேர்க்க வேண்டும்.

இரண்டு சபைகள் ஒன்றாகச் சேரும் நிலை வந்தால் நாற்காலியையும் ஆர்கனையும் பங்குபோடும் முன் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளை யார் வைத்திருப்பது என்று எழுத்தில் முடிவுசெய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். முப்பது வருடம் கழித்துச் சான்று கேட்டு வருகிறவர், நீங்கள் மூடிய சபையின் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்.

தனிப் பட்டியலுக்குப் போன பெயருக்கு எதிரே நான் பென்சிலில்தான் குறிப்பேன். அழிரப்பர் நோட்டுக்கு உள்ளேயே இருக்கிறது.